பூட்டு விழுந்த டிஸ்க்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் கொழுந்தனோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் அவர்களுக்கும் வரும். ராக்கெட் என்று அவனுக்குப் பேர் வைத்ததே நான்தான். எதைக் கண்டாலும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறு என்றால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி ராக்கெட், மூன்று பேரும் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி. கிளினிக், ரத்த வங்கி, கடை, பள்ளிக்கூடம் என்று பலருடைய சர்வர்களை எங்கள் அறையில் ஓட்டித் தருகிறோம். சர்வருக்கு ஒரு பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி மொத்தமே மூன்றுதான். அவற்றுக்குள் இருபது முப்பது சர்வர்கள் வெறும் சாஃப்ட்வேராக ஓடுகின்றன. அவற்றின் டிஸ்க் எல்லாம் மூலையில் இருக்கும் பொது ஸ்டோரேஜில். நெட்வொர்க் வழியாகத்தான் எழுதுவது, படிப்பது எல்லாம். ஓர் அடுப்பு அணைந்தால் பாத்திரத்தைத் தூக்கி அடுத்த அடுப்பில் வைக்கிறோமே, அந்த வசதிக்காக இந்த ஏற்பாடு. ஒரே சர்வரை இரண்டு பெட்டிகளில் ஒரே நேரத்தில் மட்டும் ஓட்டவே கூடாது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதும், ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. அதைத் தடுக்கத்தான் சர்வர் ஓடும்போது அதன் டிஸ்க்குக்கு ஒரு பூட்டு விழும்.

அன்று மத்தியானம் ஏசி மெக்கானிக்கைத் தேடி வெளியே போய்விட்டு வந்தேன். ராக்கெட் குதித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி! ரெண்டாவது பெட்டி செத்துப்போச்சு. பிளட் பேங்க் சர்வர் அதுலதான் இருந்துச்சு. அந்த பேங்க் டாக்டரம்மா போன்ல ஒரே கத்தல், ஆபரேஷன் நடக்குதாம், உடனே ரத்தம் வேணுமாம். நான் மூணாவது பெட்டியில தூக்கிப் போட்டுட்டேன். பாருங்க, ஜம்முனு ஓடுது!”

திரையில் ரத்த வங்கியின் பட்டியல் பளிச்சென்று இருந்தது. என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“பூட்டு விழுந்திருக்குமே, எப்படிடா ஸ்டார்ட் ஆச்சு?”

“செத்த பெட்டி போட்ட பூட்டுதானே அண்ணி? அழிச்சிட்டேன்.”

“செத்துச்சுன்னு போய்ப் பார்த்தியா?” என்று கேட்டுக்கொண்டே சர்வர் அறைக்கு ஓடினேன். இரண்டாவது பெட்டியின் பின்பக்கம், வெளியே போகும் கேபிளில் விளக்கு அணைந்திருந்தது. ஸ்டோரேஜுக்குப் போகும் கேபிளில் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. கீபோர்டையும் மானிட்டரையும் செருகிப் பார்த்தேன். பெட்டி உயிரோடு குத்துக்கல்லாட்டம் இருந்தது. பிளட் பேங்க் சர்வரும் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாராலும் அதை எட்ட முடியாது, அவ்வளவுதான். அது பாட்டுக்குத் தன் நினைவில் இருந்த பழைய விவரங்களை அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி!” என்று அங்கிருந்தே கத்திவிட்டு அதை நிறுத்தினேன். திரும்பி வந்து மூன்றாவது பெட்டியில் ஓடுவதையும் நிறுத்தப் போனால், என் வீட்டுக்காரர் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“ஒண்ணை நிறுத்திட்டல்ல, இதை எதுக்கு நிறுத்தற? நல்லாத்தானே ஓடுது?”

“ரெண்டும் மாறி மாறி எழுதித் தள்ளியிருக்குங்க. இப்ப அதுல எது யாரோட விவரம்னு கடவுளுக்குத்தான் தெரியும். இதைப் பார்த்து ரத்தம் ஏத்தினா ஆளே போயிடுவாங்க!”

“டாக்டரம்மா இப்பத்தான் சமாதானமாகியிருக்காங்க. சொன்னா நாளைக்கே வேற கம்பெனியைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. ஆபீஸ் முடிஞ்சதும் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்.”

“அதுவரைக்கும் அவங்க எதைப் பார்த்து ரத்தம் குடுப்பாங்க? கையை எடுங்க.”

அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்தார். நிறுத்திவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, சர்வரை நிறுத்தியதைச் சொன்னேன்.

“விளையாடுறீங்களா? இப்பத்தானே வந்துச்சு!”

“வந்தது தப்பா வந்துச்சு டாக்டர். எங்க தப்பு. இன்னிக்கு அந்த ஸ்கிரீன்ல பார்த்த எதையும் நம்பாதீங்க. எடுத்து வெச்ச ரத்தப் பை எல்லாத்தையும் கையால மறுபடி டெஸ்ட் பண்ணிடுங்க.”

“அதுக்கு எவ்வளவு நேரமாகும் தெரியுமா? இங்க ஒரு உயிர் ஊசலாடுது!”

“தெரியும் டாக்டர். அதனாலதான் சொல்றேன்.”

“உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்” என்று பட்டென்று வைத்துவிட்டார். நான் அடுத்த வேலையைப் பார்த்தேன். எங்கள் ஸ்டோரேஜ் மணிக்கொரு தரம் எல்லா டிஸ்க்குக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பூட்டை அழிப்பதற்கு முந்தைய நகலை எடுத்து, சர்வரை அதிலிருந்து கிளப்பினேன். அதற்குப் பிறகு பதிந்ததை மட்டும் ரத்த வங்கியில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

ராக்கெட் இத்தனை நேரமும் உர்ரென்று உட்கார்ந்திருந்தான். “ஓடினதை நிறுத்தி நம்ம மானத்தை வாங்கிட்டீங்க அண்ணி. அந்த டிஸ்க்குல ஒண்ணுமே ஆகியிருக்காது. காட்டட்டுமா?” என்று வீம்புக்குக் கெட்ட டிஸ்க்கை நெட்வொர்க் இல்லாத ஒரு தனி மெஷினில் திறந்தான். போன மாதம் அதே ரத்த வங்கியில் அவன் ரத்தம் கொடுத்திருந்தான். தன் பேரை அடித்துத் தேடினான்.

பேர் அவனுடையது. போன் நம்பர் அவனுடையது.

“நான் பி பாசிட்டிவ் அண்ணி,” என்றான். “இதுல ஓ நெகட்டிவ்னு போட்டிருக்கு.”

ஓ நெகட்டிவ் என்றால் அவசரத்துக்கு யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றுவார்கள். அதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்த எனக்கு, கோபம் போன இடம் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராக்கெட் அதற்குள் போனை எடுத்து, நம்பரை அழுத்தி, எழுந்து நின்றான்.

“டாக்டர், அண்ணி எங்க தப்புன்னு சொன்னாங்க. இல்ல டாக்டர், பூட்டை அழிச்சது நான். நான் மட்டும்தான். விட்டுப்போனதை அடிச்சுக் குடுக்க இப்பவே அங்க வரேன்.”

அந்தப் பக்கம் டாக்டரம்மா திட்டத் தொடங்கினார். எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து இம்மியும் விலக்கவில்லை.