வலதுபக்கக் கப்பைக் கழற்றுவது எப்படி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பல்லிளிக்க வேண்டாம்.

1956. காரைக்காலில் எங்கள் வாசகசாலைக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் புத்தகம் வாங்க வேண்டும்; ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். வந்தவை இரண்டு. ஒன்று நான் எழுதியது, இருநூறு பக்கம். (ஆமாம், வெட்கமில்லாமல்தான் அந்தப் பொறுப்பை ஒப்புக்கொண்டேன்.) மற்றது சைக்கிள் கடை சேக் அலாவுதீன் எழுதியது, முப்பத்திரண்டே பக்கம்.

2

வேறொரு தொடக்கம்: "சேக் அலாவுதீன் ஒரு போக்கிரி. கடைக்கு வரும் சைக்கிள்களின் நல்ல உதிரிகளை…"

அடித்துவிட்டேன். கழற்றிய பழைய ஆணியைக்கூடக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுக்கிற மனுசன் அவர். பாத்திரத்தில் ஒரு குறையாவது கிடைத்தால்தானே எழுதுகிறவனுக்குப் பிழைப்பு!

3

குறை தேடி அவர் புத்தகத்தைப் புரட்டினேன். என் மனைவி அஞ்சுகம் பிடுங்கிக்கொண்டாள். என் புத்தகத்தை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருப்பவள் அவள்.

"இதப் பாத்தா நானே செயின் மாட்டிடுவேன் போலருக்கே!" என்று சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

"மொறைக்காதீங்க. ரெண்டையும் வச்சு ஒரு தடவ நம்ம சைக்கிளக் கழட்டித்தான் பாருங்களேன்."

4

கழற்றினேன். சைக்கிள் என்னுடையதுதான், பிரெஞ்சுக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. பெடல் அச்சைப் பிடித்திருக்கும் வலதுபக்கக் கப்பை, என் புத்தகம் நாற்பத்தோராம் பக்கத்தில் சொன்னபடி வலப்பக்கமாகத் திருகினேன். இறுகியது. மூச்சைப் பிடித்துத் திருகினேன். இன்னும் இறுகியது.

அலாவுதீன், பக்கம் ஒன்பது: "இங்கிலீஷ் சைக்கிள் என்றால் வலப்பக்கம் திருகு. பிரெஞ்சு சைக்கிள் என்றால் இடப்பக்கம். நம் ஊரில் இரண்டும் ஓடுகின்றன. எது என்று முதலில் பார்."

நான் இங்கிலீஷ் புத்தகங்களைப் பார்த்து எழுதியவன். பத்து வருஷமாக ஓட்டியதோ பிரெஞ்சு சைக்கிள். இடப்பக்கம் திருகிப் பார்த்தேன்; நான் ஏற்கெனவே இறுக்கிவைத்த இறுக்கில் அது அசையவில்லை.

(இங்கே ஓர் அழகான உவமை இருந்தது. கப் அசையாத ஆத்திரத்தில் கிழித்துவிட்டேன்.)

5

கடைசியில் அவர் கடைக்கே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு முடிவு: அவர் கேலி செய்தார், நான் அவரை வெறுத்தேன். அப்படி நடந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

ஆனால் அலாவுதீன் கப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது இது:

"ஒங்க புத்தகத்தையே போடுங்க சார். மாஷா அல்லாஹ், தமிழு என்னமா இருக்கு! நமக்கு அப்படி வராது. அந்த ஒரு பக்கத்த மட்டும் திருத்திடுங்க. படிக்கிறவங்க பாவம், கப்ப ஒடச்சுக்குவாங்க."

இப்படியும் ஒருவர் பேசலாமா? நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே!

6

வாசகசாலைக்கு எந்தப் புத்தகம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் என் முன்னால் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தைத் திருத்தினால் என் புத்தகமும் நல்ல புத்தகம்தான். திருத்தியது அவர் என்று அடியில் ஒரு வரி போட வேண்டும். அதற்குத்தான் கை வரமாட்டேன்…

இன்னொன்று இப்போதுதான் கண்ணில் பட்டது. நான் எழுதிய கதையில் அவர் பெயர் நான்கு முறை வந்துவிட்டது. என் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

பேனாவை நீங்களே பிடியுங்கள். என் பெயரை எழுதுவதாக இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன்.

நூலாசிரியர் பெயர்: ……………………