மார்த்தாவுக்காக

ஏழு மணிச் செய்தி தொடங்கும்போது சந்தனசாமி டிவியை அணைத்தார். கைகால் கழுவிவிட்டு வந்து மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டார். இடது முழங்கால் சொடுக்கியது.

“ஆண்டவரே, ஒதிலக் கொண்டாந்துருக்கேன்,” என்றார்.

அடுப்படியில் அவர் மனைவி ரீட்டா தீயைக் குறைத்துவிட்டுக் காதுகொடுத்தாள்.

ஒதில் பிரான்சில் இருந்தாள். லீல் என்ற ஊர். இரண்டு சிறுநீரகமும் பழுது. சந்தனசாமிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கே அவர் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சினார். அந்தப் புள்ள, அந்தப் புள்ள என்றார். மகளைக் கட்டிக்கொடுத்துத் திருச்சிக்கு அனுப்பிய அன்று பந்தல்காரரோடு நாற்காலி சரிபார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

கோவிலில் உலக மன்றாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. காரைக்காலிலிருந்து பிரான்சுக்கும் ரீயூனியன் தீவுக்கும் போய்விட்ட குடும்பங்கள் வழியாக வேண்டுதல்கள் வந்தன. அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அந்தத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். மாதத்தின் முதல் வெள்ளியன்று மாலைப் பூசை முடிந்ததும் ஜெயமேரி டீச்சர் ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்வார். அந்த மாதம் முழுவதும் அந்த ஒருவருக்காக மட்டும் மன்றாட வேண்டும். முன்பு சந்தனசாமிக்குப் பெருவில் ஒரு கிழவர் கிடைத்தார். அப்புறம் கென்யாவில் ஒரு கன்னியாஸ்திரி. அவர்களை ரீட்டா பொருட்படுத்தவில்லை.

ஒதில் வந்த மாதத்தில்தான் தஞ்சாவூரில் ரீட்டாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது சந்தனசாமி பஸ்ஸில், “நல்ல டாக்டரு,” என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது ரீட்டா கேட்டாள்.

“ஒதிலுக்கு எத்தன வயசு?”

“தெரியல.”

“கல்யாணம் ஆனவளா?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது.”

“அழுதீங்களே.”

“ஜெபத்துல வரும்.”

“எனக்குன்னா வராதா?”

“ஒனக்கென்ன, நல்லாத்தானே இருக்க. கொஞ்சம் ரசம் ஊத்து.”

ஊற்றினாள்.

ரீட்டா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். மறுநாள் பக்கத்துத் தெரு நஜீபா தன்னுடையதைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வந்து நின்றாள்.

“என்னக்கா இது? இம்புட்டு எறக்கமாவா நான் கேட்டேன்? யார நெனச்சு வெட்டுனீங்க?”

“ஒதில நெனச்சு.”

ரீட்டா விஷயத்தைச் சொன்னாள். நஜீபா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“யா அல்லா! மத்தவளுக்கெல்லாம் சக்களத்தி உள்ளூர்ல இருக்கா. ஒங்களுக்குப் பிரான்சுலயா? மவராசிக்கா நீங்க.”

“சிரிக்காதடி.”

“துஆதானே கேக்குறாரு. ஃப்ளைட் டிக்கெட்டா எடுக்குறாரு?”

“எனக்குக் கேக்கலயே.”

நஜீபா சிரிப்பை நிறுத்தினாள். “பயமா இருக்குன்னு சொன்னீங்களா அவர்ட்ட?”

“சொல்லல.”

“எனக்காகவும் கேளுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“கேட்டு வாங்குனா அது என்ன ஜெபம்?” என்ற ரீட்டா, ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லிக் கழுத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

ஆனால் அந்த வாரமே ஜெயமேரி டீச்சர் வீட்டுக்குப் போனாள். தன் பெயரைக் குழுவில் சேர்க்க வேண்டும், அதைத் தன் புருஷனிடமே கொடுக்க வேண்டும் என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொந்தக்காரங்க கூடாதும்மா. அதுதான் நம்ம ஒழுங்கு.”

“ஏன் டீச்சர்?”

“நம்ம ஆளுக்காகக் கேக்குறது ஆச. முகம் தெரியாதவங்களுக்குக் கேக்குறதுதான் மன்றாட்டு. ஒன்னய வேணும்னா வேற யாருக்காவது குடுக்குறேன். ஆரோக்கியஜோசப் நல்லா ஜெபிப்பாரு.”

“வேணாம் டீச்சர்.”

வாசல் கேட்டைத் திறந்தவள் திரும்பி வந்தாள்.

“இன்னொருத்தி இருக்கா. பிரான்ஸ்ல இருக்காளே என் சித்தி பொண்ணு, அவளுக்குத் தெரிஞ்சவ.”

“பேரு?”

சுவரில் காலண்டர் இருந்தது. அதில் புனிதர்களின் பெயர்கள் இருந்தன. ரீட்டா அதைப் பார்க்கவில்லை. “மார்த்தா,” என்றாள். “ரீயூனியன்.”

“என்னவாம்?”

“கர்ப்பப்பை ஆபரேஷன். அடுத்த மாசம் மூணாவது வியாழக்கெழம.”

“சரி.”

“மயக்க ஊசி போட்டா எழுந்திரிக்க மாட்டமோன்னு பயப்படுறா. வெளிய யார்ட்டயும் சொல்லல.”

“புருஷன் இல்லயா?”

“இருக்காரு.”

“ஜெபிக்க மாட்டானா அவன்?”

“தெரியல டீச்சர்,” என்றாள் ரீட்டா. “எங்க வீட்டுக்காரருக்கே குடுங்க இவள. அவருக்குக் கண்ணீர் வரும்.”

முதல் வெள்ளியன்று சந்தனசாமி பூசையிலிருந்து மெதுவாக வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார்.

“மார்த்தாவாம். பாவம். ஒனக்கு என்னமோ அதேதான் அவளுக்கும். அதே நாளு. பாரேன்!”

ரீட்டா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பாதி நம்பியிருந்தாள். அவர் கால் கழுவப் போனார்.

முதல் இரண்டு மாலைகள் நன்றாக இருந்தன. அடுப்படியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “அவ கைய விட்டுடாதேயும்” என்று அவர் சொன்னபோது தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பாத்திரத்தில் சோறு அடிப்பிடித்தது. அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ரீட்டா அன்று நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் அவர் வேறு மாதிரி பேசினார். “கடலுக்கு நடுவுல ஒத்தத் தீவு. அங்க போயி அவ தனியாக் கெடக்காளே, ஆண்டவரே.”

ரீட்டா கண்ணைத் திறந்தாள். தீவில் அவள் இல்லை. காரைக்கால் தருமபுரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

அதன் பிறகு ரீட்டாவின் மனதில் மார்த்தாவுக்கு ஓர் உடம்பு வந்தது. ரீட்டாவைவிட ஒல்லி. குட்டையான முடி. பூப்போட்ட கவுன். தைரியமில்லாத, பேசினால் கண் கலங்குகிற பெண். ஆண்களுக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். துணி வெட்டும்போது, மிஷினில் ஊசிக்கு நூல் கோக்கும்போது, ரீட்டா அவளைப் பார்த்தாள். வயசையாவது கூட்டிச் சொல்லியிருக்கலாம். வயசே சொல்லவில்லையே என்று பிறகு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவர் தட்டைக் கையால் மறைத்தார்.

“எனக்கு மீன் வேணாம். வியாழக்கெழம வரைக்கும் ஒறுத்தல். நேந்திருக்கேன்.”

“யாருக்கு?”

“மார்த்தாவுக்கு.”

“எனக்கும் அன்னிக்குத்தானே ஆபரேஷன்.”

“அதான் நான் கூட வாரேனே,” என்றார். “லீவு எழுதிக் குடுத்துட்டேன்ல?”

அவர் பங்குத் துண்டையும் ரீட்டாவே தின்றாள். முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினாள்.

அன்று மாலை ஜெபத்தில் அவர் மார்த்தாவின் புருஷனைப் பற்றி ஆரம்பித்தார். “அவனுக்குக் கொஞ்சம் புத்தியக் குடும், ஆண்டவரே. வீட்டுல ஒருத்தி பயந்து சாவுறா. பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்? என்ன ஆம்பள அவன்?”

ரீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உள்ளே அவர் அழுதார். சிரிப்பு நின்றது.

மார்த்தாவைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தாள். பிறகு பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை டீச்சருக்குப் போன் செய்தாள்.

“அந்த மார்த்தாவுக்கு ஆபரேஷன் வேணாம்னுட்டாங்களாம் டீச்சர். பேர எடுத்துடுங்க.”

“வேணாம்னுட்டாங்களா? கட்டி கரஞ்சுடுச்சா?”

“அப்படித்தான் போல.”

“ஏ ரீட்டா! இது ஆண்டவர் செஞ்ச புதும! ஞாயித்துக்கெழம பூசையில சாட்சி சொல்லச் சொல்லுவோம். ஒன் சித்தி பொண்ணு நம்பரக் குடு.”

“இருங்க டீச்சர். நல்லா விசாரிச்சுட்டுச் சொல்றேன்.”

விசாரித்ததில் ஆபரேஷன் உண்டு என்று தெரிந்ததாக மாலையில் சொன்னாள். டீச்சர் ஏமாற்றத்தோடு, “சரி, சந்தனசாமிய ஜெபத்த விட்டுடாமப் புடிக்கச் சொல்லு,” என்றார்.

புதன்கிழமை தஞ்சாவூரில் சேர்ந்தார்கள். ஆறு கட்டில் உள்ள பெண்கள் வார்டு. நர்ஸ் ரீட்டாவின் தாலியையும் தோட்டையும் கழற்றச் சொன்னாள். சந்தனசாமி அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஃபிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வந்தார். ஃபேன் ஓடுகிறதா, சுவிட்ச் எது என்று பார்த்தார். மின்துறைக்காரர் என்பதால் சுவிட்ச் போர்டைத் தட்டியும் பார்த்தார். ஒரு வார்த்தை அவள் எதிர்பார்த்தாள். “வயரிங் பழசு,” என்றார்.

ரீட்டா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள்.

சற்று நேரத்தில் முழங்கால் சொடுக்கியது. அவர் தரையில், கட்டிலோரம் இருந்தார். விளிம்பில் நெற்றியை வைத்திருந்தார். கட்டில் லேசாக அதிர்ந்தது. அழுகிறார்.

எதிர்க்கட்டில் பெண் தன் அம்மாவிடம் சொன்னாள். “அந்தக்கா குடுத்து வச்சவங்கம்மா. வீட்டுக்காரரு எப்புடி அழுவுறாரு பாரு அவங்களுக்காக.”

எதிர்க்கட்டிலுக்கு அவர் முனகியது கேட்டிருக்காது. ரீட்டாவுக்குக் கேட்டது.

“நாளைக்கு ரெண்டு பேரு போறாங்க, ஆண்டவரே. ஒருத்தரத்தான் பாக்க முடியும்னா மார்த்தாவப் பாரும். அவளுக்கு யாரும் இல்ல. அந்தாளு இருந்தும் இல்ல. ரீட்டாவுக்கு நான் இருக்கேன். அவ தைரியசாலி. அவ தாங்கிக்குவா.”

ரீட்டா இந்தப் பக்கம் திரும்பினாள். அவர் தலையைத் தூக்கினார். முகம் நனைந்திருந்தது. இவ்வளவு அருகில் அவர் கண்ணீரை அவள் பார்த்ததில்லை.

“நான் தைரியசாலின்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னா?”