குதிரையழுவான் ஏற்றத்துக்கு ஒரு வண்டி

மலையடிவாரத்து வோனோசோபோ நகர மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில் இருந்த நர்ஸுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கடற்கரைப் பக்கத்துக்காரியாக இருக்க வேண்டும். "ஐயா, இன்னொரு தடவ இவங்கள மோட்டார் பைக்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, வீட்டுல பொணமாத்தான் இறக்குவீங்க" என்று சர்யோனோவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு "இங்கி" என்றான்.

இங்கி என்றால் ஆமாம் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம். உங்களை எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு கிடையாது என்றும் அர்த்தம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் மலையில் வாயுள்ள பிள்ளைக்குப் பெண்ணே கிடைக்காது. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் இங்கி, கேட்காவிட்டாலும் இங்கி. அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் கெட்டோம்.

நர்ஸ் சொன்னதில் தப்பே இல்லை. எட்டு மாதமாக, திங்களும் வியாழனும், அவன் மனைவி துவார்னியைச் சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இருபத்தாறு கிலோமீட்டர் இறங்கியிருக்கிறான். ரத்தம் சுத்தம் செய்து முடித்ததும் அதே இருபத்தாறு கிலோமீட்டர் ஏறியிருக்கிறான். திரும்பும்போது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். போன திங்கட்கிழமை வளைவில் அவள் ஒரு பக்கமாகச் சாய, வண்டியும் சாய, இருவரும் யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தார்கள். எழுந்ததும் அவள் முதலில் சொன்னது, "ஐயோ பாவம், நாலஞ்சு கோஸ் வீணாப் போச்சே பக்னே" என்பதுதான். மகள் பிறந்ததிலிருந்து அவள் அவனைப் பிள்ளையின் அப்பா என்ற பொருளில் பக்னே என்றும், அவன் அவளைப் பிள்ளையின் அம்மா என்று மக்னே என்றும்தான் கூப்பிட்டார்கள். அந்த மகள் இப்போது ஹாங்காங்கில் யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

கார் வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. உருளைக்கிழங்கு நிலத்தில் பாதியை விற்றார்கள். அந்த நிலத்துக் கிழங்கில் ஒரு துண்டைக்கூட இனி துவார்னி தின்னக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விற்கும்போது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அவனுக்கு வலித்தது.

ஊருக்குள் நுழைய கடைசியாக ஒரு ஏற்றம் இருக்கிறது. குதிரையழுவான் என்று பெயர். உருளைக்கிழங்கு லாரிகள் கொட்டிவிட்டுப் போகிற சேறும், மதியத்துக்கு மேல் இறங்குகிற பனியும் சேர்ந்து, அதில் ஏறுகிறவன் கடவுளை நினைக்காமல் ஏறியது கிடையாது. ஊரே காங் என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மெக்கானிக் தார்சும் புதன்கிழமை காலையில் சர்யோனோவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னான்.

"இந்தாப்பா, சின்ன இன்ஜினா இருந்தாலும் பரவாயில்ல. பெருசு வாங்கி பெட்ரோலுக்கு யாரு அழறது? ஆனா ஒண்ணு. இங்க காத்து கம்மி, இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், அஞ்சுல ஒரு பங்கு பலம் போயிடும். அதனால பின் சக்கரம் தள்ளுற வண்டியாப் பாரு. ஏத்தத்துல பாரமெல்லாம் பின்னாடி சாயுமில்ல, அப்ப பின் சக்கரம் நல்லாப் புடிக்கும். முன் சக்கரம் இழுக்குற வண்டி சும்மா சுத்திக்கிட்டு நிக்கும். பழசா இருந்தாலும் பரவாயில்ல, பெயிண்ட் போயிருந்தாலும் பரவாயில்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது காங்."

"புரிஞ்சுதுன்னு சொல்ற, கடையில போயி பல்லிளிச்சுட்டு வந்துடாத."

கடைக்கு அவனோடு மைத்துனர் பிரியாடி வந்தார். துவார்னியின் அண்ணன், வட்டார அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வோனோசோபோ மைதானத்துக்குப் பின்னால் சொந்த வீடு. நல்ல மனிதர், ஆள் கனமானவர், பேச்சு அதைவிடக் கனம். கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பழையது, ஆயிரத்து முந்நூறு சிசி, பின் சக்கரம் தள்ளுவது, கதவில் துரு. இன்னொன்று வெள்ளை வெளேரென்று ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர், முன் சக்கரம் இழுப்பது. சர்யோனோ பார்த்ததுமே துருப்பிடித்ததுதான் தன் வண்டி என்று முடிவு செய்துவிட்டான். வெயில் சுள்ளென்று அடித்ததால் வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை நிழலில் ஒதுங்கி நின்றான்.

"என்ன யோன், இதையே எடுத்துடலாமா?" என்றார் பிரியாடி, வெள்ளை வண்டியின் மேல் கை வைத்து.

வேண்டாம் மாஸ், அதோ அந்தப் பழைய வண்டிதான் ஏறும். இதைச் சொல்ல எத்தனை நேரமாகும்? ஒரு மூச்சு போதும். மாஸ் என்று கூப்பிடும் அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவர், வெயிலில் மெனக்கெட்டுக் கூட வந்தவர், வண்டிமேல் கையும் வைத்துவிட்டார். அந்தக் கையை எப்படி எடுக்கச் சொல்வது?

"இங்கி மாஸ்" என்றான்.

அன்று வெயிலில் சேறு காய்ந்திருந்ததால் வண்டி எப்படியோ ஊர் வந்து சேர்ந்தது. பட்டறை வாசலில் தார்சும் அந்த வெள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். புது வண்டியில் தங்கச்சி முதல் முதலாக வீட்டுக்குப் போவதைப் பார்க்க வேண்டுமென்று பிரியாடியும் ஏறிக்கொண்டார். பின் சீட்டில் அண்ணன் மடியில் தலை வைத்துத் துவார்னி படுத்திருந்தாள். தார்ச்சாலை வரை வண்டி நன்றாகத்தான் போனது. அவள் உதட்டில் தடவ ஈரத்துணி ஒன்றை அண்ணன் கையில் வைத்திருந்தார். தண்ணீரும் அளவுதான் அவளுக்கு.

குதிரையழுவானில் தூறல். சர்யோனோ முதல் கியரைப் போட்டு மிதித்தான். பாதி ஏற்றம் ஏறியது. அப்புறம் இன்ஜின் முனகியது, முன் சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின, வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது. பிரேக்கை மிதித்தான். மறுபடி முயன்றான். இரண்டு முழம் சறுக்கியது. கிளட்ச் கருகும் நாற்றம் உள்ளே வந்ததும் துவார்னி குமட்டினாள், ஆனால் வாந்தியெடுக்க அவளுக்குள் ஒன்றுமில்லை.

மைத்துனர் இறங்கினால் வண்டி ஏறிவிடலாம். அது சர்யோனோவுக்குத் தெரிந்தது. மழையில், சேற்றில், பெரியவரை இறங்கச் சொல்ல வாய் வரவில்லை. "ஆண்டவனே, ஏத்தி விட்டுடு, ஏத்தி விட்டுடு" என்று உள்ளுக்குள் கெஞ்சியபடி அதே ஆக்சிலேட்டரை அதே மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் துவார்னியின் முகம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இன்று ஏறவில்லை என்றால் திங்கட்கிழமை எப்படி, அடுத்த வியாழன் எப்படி, மழைக்காலம் முழுக்க எப்படி என்று நினைத்துக்கொண்டே மறுபடி மிதித்தான்.

பின்னால் வந்த கிழங்கு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து காரின் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் திணித்துவிட்டு, ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தான்.

"முன் சக்கர வண்டிய யாருய்யா இந்த ஏத்தத்துக்கு வாங்கினது?"

 அவன் தன் லாரிப் பக்கம் போனதும் பிரியாடி மெல்லக் கேட்டார்.

"யோன், நீதான இது புடிச்சிருக்குன்னு சொன்ன?"

"நான் இங்கின்னு சொன்னேன் மாஸ்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீங்க கேட்டீங்க. அதனால சொன்னேன்."

"நீ அது பக்கத்துலயே நின்னுட்டிருந்தியேப்பா. உனக்கு அதுமேலதான் ஆசைன்னு நெனச்சுக் கேட்டேன். வண்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஆபீஸ் ஜீப்ல பின்னாடி உக்காந்து போனவன் நான்."

"நெழலுக்காக நின்னேன் மாஸ்."

பின் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று இருவரும் பதறித் திரும்பினார்கள். துவார்னி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியதும், கூரையைப் பார்த்தபடியே, பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்காத மாதிரி நேராகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க வீட்டுல நான் தங்கறதுக்கு ஒரு எடம் இருக்கா?"

 பிரியாடி ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தார்.

"முன்னறை எட்டு மாசமா காலியாத்தான் கெடக்கு வார்னி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம். உங்க அண்ணி ரெண்டு தடவ மெத்த உறைய மாத்திட்டா. கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தோம்."

"நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே மாஸ்" என்றான் சர்யோனோ. 

"எப்படிப்பா கூப்பிடறது? பொண்டாட்டியப் பாத்துக்க உனக்கு வக்கில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அதனாலதான் வண்டி வாங்கப் போறேன்னு நீ சொன்னப்பவும் இங்கின்னுட்டேன்."

சர்யோனோவும் இதே மாதிரிதான் நினைத்திருந்தான். பெரியவர் வீட்டில் நோயாளியைக் கொண்டுபோய்ச் சுமத்துவதா என்று நினைத்து எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காகப் பாதி நிலம் போனது. அவளைச் சாக்கு மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு பனியில் ஏறி இறங்கியதெல்லாம் ஒரு கேள்விக்காக. அவனுக்கு மைத்துனரை அடிக்க வேண்டும் போலிருந்தது, தன்னையும் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

"பக்னே, வண்டியத் திருப்புங்க. குளுருது" என்றாள் துவார்னி.

லாரிக்காரன் கை காட்ட, வண்டியைத் திருப்பினான். இறங்குவதற்கு இன்ஜின் பெரிதாக இருந்தால் என்ன, சிறிதாக இருந்தால் என்ன. முக்கால் மணி நேரத்தில் பிரியாடியின் வீட்டு வாசலில் நின்றார்கள். அண்ணி ஒரு கேள்வியும் கேட்காமல் துவார்னியின் இடுப்பில் கை கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். மெத்தையில் படுத்ததும் துவார்னியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

சர்யோனோவுக்கு அங்கே தங்க முடியாது. மீதியிருக்கும் பாதி நிலத்தில் கிழங்கு நின்றது; மழை பெய்தால் மறுநாளே மருந்தடிக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் அழுகிப் போகும். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"வாரத்துக்கு ஒரு தடவ வருவீங்களா?"

"ரெண்டு தடவ வருவேன்."

"சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"வேக வெச்சாக் கெழங்கு வெந்துட்டுப் போகுது."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழ் வைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனாள். கையை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்தான்.

குதிரையழுவானில் தூறல் விடவில்லை, சேறும் அப்படியே இருந்தது. சர்யோனோ முதல் கியரைப் போட்டான். வண்டி லேசாக இருந்தது. சறுக்கின இடத்தைத் தாண்டியது, லாரிக்காரன் திணித்த கல்லைத் தாண்டியது. எங்கேயாவது நின்றுவிடாதா, ஏற முடியவில்லை என்று சொல்லிவிட்டு அவளிடமே திரும்பிப் போய்விட மாட்டோமா என்று அவன் வேண்டிக்கொண்டான். ஒற்றை ஆளைச் சுமந்துகொண்டு, அந்தச் சின்ன வண்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறிவிட்டது.