நறுமணம் துறந்த வீடு

கீழ்வானம் மெல்ல வெளிறிக் கூரை விளிம்புகள் ஒவ்வொன்றாய் இருளினின்று பிரிந்து தோன்ற, இரவெல்லாம் எரிந்து களைத்த தெருவிளக்குகள் ஒருசேர அணைய, பால்வண்டியின் மணியோசை மேட்டிலிருந்து இறங்கி வளைவில் தேய்ந்து மறைய, குளிர் முற்றும் நீங்காத அவ்விளங்காலையில், மேடேறிச் செல்லும் அத்தெருவின் இருமருங்கும் நிரல்பட நின்ற வீடுகளெல்லாம் கதவடைத்துத் துயின்றுகொண்டிருந்தன. அன்று விடுமுறையின் முதல் நாள்; பள்ளிக்கு எழுப்புவாரும் இல்லை, பணிக்கு விரைவாரும் இல்லை. அங்ஙனம் ஊரே போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்க, தெருக்கோடியில் இருந்த ஓட்டுவீடு ஒன்று மட்டும் விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு, திருமண வீடுபோல விழித்திருந்தது.

சொற்சுவை அறிந்து படிக்கும் பண்புடையீர்! அவ்வீட்டுக்குரியவர் ஒரு தச்சர். தோள் அகன்றவர், சொல் குறைந்தவர். தம் வீட்டைப் பற்றிப் பேச்செழுந்தால் மட்டும் சொல் குறையாதவர். அவர்தம் மனைவி மருத்துவமனையில் செவிலியாய் இரவும் பகலும் முறைமாறிப் பணிபுரிந்தமையால், வீடு பேணும் பொறுப்பு பெரும்பாலும் தச்சர் தலையிலேயே விழுந்தது. விழுந்ததை அவர் சுமையென்று நினையாமல் மணிமுடியென்று சூடிக்கொண்டார். ஆண்மகனுக்குத் துடைப்பம் எதற்கென்று எள்ளியவர்களும் உண்டு. அவர்களை உள்ளே அழைத்து, காலணியைக் கழற்றச் செய்து, கூடத்தின் தரையை ஒருமுறை மிதிக்கவிட்டு அனுப்புவதே அவர் அளிக்கும் மறுமொழி. எதிர்வீட்டுத் தையற்காரியோ ஊசியினும் கூரிய நாவினர். “தச்சரே, உங்க வீட்டுல ஈ உக்காந்தா வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கும்” என்பார். தச்சர் அதனையும் பாராட்டின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வார்.

அக்கூடத்தின் நடுவே நீண்டு கிடந்தது ஒரு மேசை. தங்கைக்குத் திருமணமான ஆண்டில், இரு குடும்பமும் ஒருங்கே அமர்ந்து உண்ண வேண்டுமென்று விரும்பி, இரும்பாணி ஒன்றேனும் அறையாது மரமுளைகளாலேயே பூட்டித் தச்சர் செய்தது. ஆர்வ மிகுதியில் அதனைக் கூடத்திலேயே வைத்து இழைத்து இணைத்து முடித்த பின்னரன்றோ, அது வாயில்வழி வெளியேறாது என்பது தெரியவந்தது! “மேசையைச் செஞ்சுட்டு அதைச் சுத்தி வீட்டைக் கட்டினீங்களா?” என்று தையற்காரி கேட்க, “அது எதுக்கு வெளிய போகணும்? உக்கார ஆளு உள்ள வந்தா போதாதா?” என்று தச்சர் விடையிறுத்தார். ஆயினும் சில ஆண்டுகளாக அம்மேசையில் அமர ஆள் வரவில்லை.

வாராமைக்குக் காரணம் ஒன்றுண்டு. தங்கையின் மகளுக்குப் பிறவியிலேயே நெஞ்சு மெலிவு. தூசியோ கடுமணமோ பட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். முன்னொரு விடுமுறைக்கு அவர்கள் வந்தபோது, வரும் விருந்து வியக்க வேண்டுமென்று எண்ணிய தச்சர், கடையில் விற்ற நறுமண நீரை மூலைமுடுக்கெல்லாம் தெளித்து, வீட்டைப் பூந்தோட்டமாக்கி வைத்திருந்தார். அன்றிரவே குழந்தைக்கு இழுப்பு கண்டு, உதடு நீலம் பாரித்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. மறுநாள் தங்கை மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அண்ணனை ஒரு சொல் கடிந்தாளில்லை. கடிந்திருந்தால் அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

இவ்வாண்டு தச்சர் பலமுறை வேண்டி அழைத்தபின், அவள் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஒரு ராத்திரி தங்கிப் பாக்கறேண்ணா. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலேன்னா விடுமுறை முழுக்க இருக்கேன். லேசா இழுத்துச்சுன்னாலும் விடிஞ்சதும் கிளம்பிடுவேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

அந்த ஓரிரவைத் தம் வீடு தாங்க வேண்டும் என்பதே தச்சரின் ஒரே வேட்கையாயிற்று. தூசி ஆகாது, மணம் ஆகாது என்று மனைவி கூறிய இரண்டே சொற்களை உள்ளத்தில் முடிந்துகொண்டு, அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். தரைவிரிப்புகளைச் சுருட்டித் தம் பட்டறைக்கு அனுப்பினார். மெத்தைகளை முற்றத்து வெயிலில் கிடத்தி, பகைவனைக் கண்டாற்போல் கழி கொண்டு புடைத்தார். போர்வைகளையும் திரைகளையும் கொதிநீரில் அலசி உலர்த்தினார். கடைப்பொருள் அடைத்த குப்பிகளை ஒன்றுவிடாது வெளியேற்றிவிட்டு, அடுப்பின் கறையை உப்பாலும், கண்ணாடியை நீர்த்த புளிக்காடியாலும், செம்புக் குழாயை எலுமிச்சை மூடியாலும் துலக்கினார். துலங்கிய குழாயில் தம் மீசையைக் கண்டு அதனை ஒருமுறை முறுக்கிக்கொண்டதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

அவ்வளவில் நின்றிருந்தால் கதையே இல்லை. செம்மை செய்தவன் கை, சிறப்புச் செய்யாமல் அடங்குமோ? எலுமிச்சைத் தோலைக் காடியில் இட்டு, மனைவிக்கும் தெரியாமல் பட்டறையின் பலகணியில் நெடுநாள் ஊறவைத்த பொன்னிற நீர் ஒன்று அவரிடம் இருந்தது. தேன்மெழுகை உருக்கி, மரப்பிசின் எண்ணெயும் கிராம்பெண்ணெயும் கலந்து தாமே குழைத்த மெருகு ஒன்றும் இருந்தது. உலர்ந்த நறும்புல்லைத் துணியிற் பொதிந்த சிறு முடிச்சுகளும் இருந்தன. மனைவி இரவுப் பணிக்குச் சென்ற பின், அவற்றையெல்லாம் கொணர்ந்து, பொன்னிற நீரால் வீடு முழுதும் துடைத்து, முடிச்சுகளைத் தலையணைகளின் அடியில் செருகி, நீண்ட மேசைக்கு மெழுகேற்றித் தேய்த்துத் தேய்த்து, மேலிருந்த விளக்கு அதனுள்ளே மற்றொரு விளக்காய் ஒளிரும் வரை அவர் ஓயவில்லை. நாம் கண்ட அவ்விளங்காலையில் அவ்வீடு விழித்திருந்தது இதன்பொருட்டே.

வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் செவிலி வீடு திரும்பினார். வாயிற்படியில் நின்றார். மேசையின் ஒளியைக் கண்டு அவர் விழிகள் விரிந்தன. அடுத்த மூச்சில் அவர் முகம் மாறியது.

“என்னம்மா, எப்படி இருக்கு?”

“கண்ணு பட்டுடும்போல இருக்குங்க. ஆனா...”

“ஆனா என்ன?”

“வாசனை வருதே.”

“கடையில வாங்கினது ஒரு சொட்டு கிடையாது! எல்லாம் பழத்தோலு, தேன்மெழுகு, புல்லு. மண்ணுல விளைஞ்சது.”

“மண்ணுல விளைஞ்சதா, கடையில வாங்கினதான்னு அந்தப் பிஞ்சு நெஞ்சு கேக்குமா? அதுக்கு வாசனைன்னா வாசனைதாங்க.” களைத்த குரலை மேலும் தாழ்த்தி, “நீங்க ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு தெரியுது. எனக்கு இதைச் சொல்லவே வாய் வரல” என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல் ஆயிற்று தச்சருக்கு. முற்றத்துக்குச் சென்று, கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்தார். முதலில் அவருக்குச் சினமே மூண்டது. பழத்தோலின்மேல் குற்றம் காணும் உலகமும் ஓர் உலகமா என்று மனத்துள் வெகுண்டார். சினம் ஆறிய இடத்தில் நாணம் வந்து அமர்ந்தது. அன்று தெளித்தது விலைக்கு வாங்கிய பெருமை, இன்று துடைத்தது வீட்டில் ஊறவைத்த பெருமை; இரண்டிலும் தாம் விருந்தின் மூச்சை நினையாது விருந்தின் வியப்பையே நினைத்ததை அவர் உணர்ந்தார். உணர்ந்தபின் தச்சர் வாளியைவிட்டு எழுந்து, அதனையே நிமிர்த்தி நீர் பிடித்தார். தங்கை வர மாலையாகும். பகல் முழுதும் கையில் இருந்தது.

வெறும் வெந்நீரும் வெறுந்துணியுமாய்க் கணவனும் மனைவியும் வீட்டை முதலிலிருந்து துடைத்தார்கள். துடைத்த நீரைக் கொட்டி மீண்டும் துடைத்தார்கள். நறும்புல் முடிச்சுகள் குப்பைக்குப் போயின. தலையணை உறைகள் மறுபடியும் கொதிநீர் கண்டன. பலகணிகள் அனைத்தும் திறந்து, காற்றுக்கு வீட்டை ஒப்படைத்தாயிற்று. எஞ்சியது மேசை. துடைக்கத் துடைக்க அது மேலும் மணந்தது. வெளியேற்றலாமெனின் வாயிலோ அதற்குச் சிறிது. யானை கட்டி இழுத்தாலும் அசையாது என்று தாம் செருக்கோடு சொல்லிவந்த மரமுளைகளைத் தச்சர் ஒருகணம் தடவிப் பார்த்தார். பின்னர்க் கொட்டாப்புளியை எடுத்து, ஒவ்வொன்றாய்த் தட்டிக் கழற்றினார். பிறர் எவரேனும் அதைச் செய்திருந்தால் அவர் கையை ஒடித்திருப்பார்.

அவ்வேளை பார்த்து, கைநிறைய மலர்க்கொத்தோடு வந்து நின்றார் தையற்காரி. “வர்றவங்களுக்குப் பூ வாங்கிட்டு வந்தேன். கூடத்துல வைங்க, கமகமன்னு இருக்கும்.”

தச்சர் இரு கைகளையும் நீட்டி அவரை வாயிலிலேயே தடுத்தார். “உங்க மனசு பெருசு, தாயே! பூ உங்க வீட்டுலயே இருக்கட்டும். கையை மட்டும் கொடுங்க, பலகையைத் தூக்கணும்.”

“மேசை வெளிய வருதா! இதைப் பாக்கத்தான் உயிரோட இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டே தையற்காரி மலரைத் தம் வீட்டில் போட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்.

மூவரும் பலகையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கி முற்றத்தில் கிடத்தினர். இரவெல்லாம் தம் கையாலேற்றிய மெருகைத் தச்சர் தம் கையாலேயே இழைப்புளி கொண்டு சீவலானார். ஒளி சுருள் சுருளாய் உதிர்ந்தது. உள்ளிருந்த மரம் வெளிறி, மெருகோ மினுக்கோ இன்றி, கழுவிய முகம்போல் எளிமையாய்த் தோன்றியது. முளைகளை மீண்டும் பூட்டி, சீவலை அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, மேசையை அங்கே வெட்டவெளியிலேயே நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் நெஞ்சு விம்மியது. செய்தபோது வந்த பெருமையினும் சிதைத்து மீட்டபோது வந்த பெருமை பெரிதாய் இருப்பதை எண்ணி அவர் தமக்குள் வியந்தார்.

மாலை மங்கும் பொழுதில் தங்கை வந்தாள். மகளின் கையை ஒரு கையிலும், வார் இழுத்துக் கட்டிய பெரிய பையை மறுகையிலும் பற்றியிருந்தாள். படியேறுமுன் நின்று, துணி வாங்க வந்தவள் நூலை ஆராய்வதுபோல் ஒரு மூச்சை இழுத்துப் பார்த்தாள். பையை மட்டும் வார் அவிழ்க்காமல் வாயிலோரத்திலேயே வைத்தாள். விடிந்ததும் எடுத்துச் செல்ல வாய்ப்பாய் அது அங்கே நின்றதைத் தச்சர் கண்டார்; கண்டும் காணாதவராய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் இருத்திக்கொண்டார். அனைவரும் முற்றத்து மேசையில் வானத்தின்கீழ் அமர்ந்து உண்டனர். இருக்கைகள் நிறைந்தன, தையற்காரிக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அவ்விரவில் தச்சர் எவ்வாறு கிடந்தார் என்பதை விரித்துரைத்தல் வேண்டா. பிள்ளை நோயுறக் கண்ட எவரும் அதனை அறிவர். பொழுது புலர்ந்ததும் எழுந்து கூடத்துக்கு வந்தவர், வாயிலை நோக்கினார். அங்கே பை இல்லை.

இழுப்பு வந்திருக்கிறது, தம்மை எழுப்பவும் மனமின்றிப் போய்விட்டார்கள். இனி எத்தனை விடுமுறை வந்தாலும் இவ்வீட்டுப் படியை அவர்கள் மிதிக்கப் போவதில்லை. இவ்வாறெல்லாம் எண்ணித் தூணைப் பற்றிக்கொண்டு நின்றவர் செவியில், முற்றத்திலிருந்து ஒரு சிறு சிரிப்பொலி விழுந்தது.

விரைந்து வெளியே வந்தார். கொடியில் சிற்றாடைகள் வரிசையாய் அசைந்துகொண்டிருந்தன. மேசையின் ஒரு கோடியில், வார் அவிழ்ந்து, வெறுமையாகி, கவிழ்ந்து கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது அந்தப் பெரிய பை. மறுகோடியில் குழந்தை அமர்ந்து, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டியபடி அவரை நோக்கி மூக்கைச் சுருக்கியது.

“மாமா, உங்க வீட்டுல ஒரு வாசனையும் வரலையே!”

கொடியருகே நின்ற தங்கை திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன, இதழ்கள் சிரித்தன. “ராத்திரி முழுக்கப் பக்கத்துல உக்காந்து அவ மூச்சையே கேட்டுட்டு இருந்தேண்ணா. சுவர்க்கடிகாரம் மாதிரி சீரா இருந்துச்சு. பையைக் காய வெச்சிருக்கேன். விடுமுறை முடியறவரைக்கும் அதுக்கு வேலையில்ல.”

தாம் இழைத்த கதவுகளையும் செதுக்கிய தொட்டில்களையும் பலர் புகழக் கேட்டவர் அத்தச்சர். அப்புகழ்ச்சிகளையெல்லாம் ஒரு தட்டிலும், குழந்தை மூக்கைச் சுருக்கிச் சொன்ன ஒற்றை வரியை மறுதட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதை, முற்றத்தில் தோள் நிமிர்ந்து நின்ற அவரைப் பார்த்தவர் எளிதில் உணர்வர். வீட்டை அழகு செய்தல் பிறர் கண்ணுக்காக. வீட்டைப் பேணுதல் உள்ளே துயில்வோர் மூச்சுக்காக. அம்மேசைக்கு அவர் பின்னர் ஒருநாளும் மெருகேற்றவில்லை. வெளிறிய அப்பலகையின்மேல் அவ்விடுமுறை முழுதும் உணவுக் கலங்கள் வைத்த வட்டத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தன. அவற்றுள் ஒன்றையேனும் அவர் துடைத்தழிக்க முயலவில்லை.