முதல் தம்ளர்

தண்ணீர் நிலையத்துப் பம்ப்புக்காரர் காலை ஐந்து நாற்பதுக்கு முதல் தம்ளரைக் குடிக்கும்போது, எட்டுத் தெரு தள்ளியிருந்த வழிபாட்டுக் கூடத்து மணி ஆள் தொடாமலே மூன்று முறை அடித்தது. முதலில் எலி என்றார்கள், பிறகு காற்று என்றார்கள். மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள், சாக்கோடு அடித்தது. தம்ளர் வாயில் பட்டதும் மணி கேட்பதை மூன்று மாதம் கவனித்து, விஷயத்தைச் சொன்னவர் பால்காரர்.

அந்தத் தம்ளர் எந்த விதியிலும் இல்லை. தொட்டியிலிருந்து பிடித்துக் குடித்துவிட்டு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வயிறு ஒன்றும் சொல்லாவிட்டால்தான் ஊருக்கு வால்வைத் திறப்பார். கெட்டது ஒரு வயிற்றோடு போகட்டும் என்பது அவர் எண்ணம். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. கடவுள் இல்லை என்பதிலும் அதே ஒழுங்கு. கூடத்துப் படியை மிதித்ததே இல்லை.

"தினம் ரெண்டு வேளை கும்பிடுறவ நான். மணி அடிக்கிறது உங்களுக்கு. நல்லா இருக்கு நியாயம்!" என்பார் அவர் மனைவி.

கூடத்துத் தலைவர்தான் தண்ணீர் நிலையத்துக்கும் தலைவர். பயபக்தி இல்லாத ஆள், யாரும் பார்க்காத நேரத்தில் அந்த அரை மணி நேரக் காத்திருப்பை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "ஒரே ஒரு தடவை உள்ள வந்து, நம்புறேன்னு சொல்லிடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

"நம்பாம நம்புறேன்னு சொன்னா அது பொய்ங்க, ஐயா. பொய் சொல்றவன் கையில வால்வைக் குடுப்பீங்களா?"

தலைவர் வெள்ளிக்கிழமை காலை, வேலைநீக்கக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். பம்ப்புக்காரர் குடித்தார்; மணி கேட்டது. இருபதாவது நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். "திறந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தலைவர் வால்வுச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஊரே வந்து சத்தம் போட்டது. "மாமா, தலையில சோப்போட நிக்கிறேன்!" என்றார் மருமகன். தலைவர் அசையவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் 'இன்று தண்ணீர் வராது' என்று எழுதி வாசலில் ஒட்டச் சொன்னார். தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஆற்றில், மேலே யாரோ பூச்சிமருந்து டின்களைக் கழுவியிருந்தது மாலையில் தெரிந்தது.

பம்ப்புக்காரர் ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினார். தொட்டியைக் கழுவி நிரப்பிய நாளிலிருந்து அவர் திரும்பும்வரை முதல் தம்ளரைக் குடித்தவர் தலைவர். அவருக்கும் மணி அடித்தது, இரண்டு முறை. மூன்றாவது ஏன் இல்லை என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

மணி கேட்ட அரை மணியில் குழாயடியில் குடம் வைப்பது ஊர்ப் பழக்கமாயிற்று. மணிக்கயிறு சும்மா தொங்குவதைப் பார்த்து, பம்ப்புக்காரர் மனைவி அதைக் கேட்டு வாங்கி வந்து துணி காயப்போடக் கட்டினார். நல்ல கயிறு, ஈரப் போர்வையையும் தாங்கும்.