செவ்வாய்க்கிழமைப் புகை

அராபாவின் அடுப்பிலிருந்து எழும் புகை வானத்துக்குப் போகாது. அவள் புகை போட்ட மீன் எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதன் தலைக்கு மேல் நிற்கும். மீன் அறைக்குள் இருந்தால் புகை அந்த அறையின் கூரைமேல், மீன் லாரியில் ஏறினால் புகையும் லாரியில். எசுவாம் கடற்கரையில் இதை முதலில் கவனித்தவன் உள்நாட்டுச் சந்தை நகரமான குமாசிக்கு லாரி ஓட்டும் ஒருவன். கவனித்ததும் அவன் செய்த முதல் காரியம் புகைக்கும் கட்டணம் கேட்டதுதான். லாரி நிலையத்தில் அதற்காக ஒரு காலை முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. புகை உட்கார்ந்து வருவதில்லை, நின்றுகொண்டே வருகிறது, ஆகவே பாதிக் கட்டணம் போதும் என்று தீர்ப்பானது. குமாசிச் சந்தையில் அந்தப் பாதிக் கட்டணம் பல மடங்காகத் திரும்பி வந்தது. கூடைக்கு மேல் புகை நின்றால் அது அராபாவின் சாளை மீன், மேலே நல்லதும் அடியில் அழுகலும் வைக்கிற வேலை அதில் கிடையாது என்று வியாபாரிகள் தெரிந்துகொண்டார்கள். வாயைத் திறந்து கூவாமலே அவள் மீன் முதலில் விற்றது.

பக்கத்துக் கடைக்காரிகளுக்கு வயிறு எரிந்ததில் தப்பில்லை. கடலில் இருக்கும்வரை மீன் ஆம்பிளைகளுடையது, மணலைத் தொட்டதும் பெண்களுடையது என்பது எசுவாம் சட்டம். மணலில் அன்றைக்கு முதல் விலை சொல்லும் உரிமை மாமே குக்குவாவுக்கு மட்டுமே. அவள்தான் மீன்ராணி, அவள் சொல்லுகிற விலையில் பெண்டாட்டிகூடப் புருஷனிடமிருந்து மீன் வாங்குவாள். அராபாவின் புகை அடுத்தவர் கடைக்குள் எட்டிப் பார்க்கிறது என்று புகார் வந்தபோது குக்குவா இரண்டு பக்கமும் கேட்டு, புகை பக்கத்துக் கடையின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டாள். புகை அன்றிலிருந்து தாண்டவில்லை. அது பணிந்ததுதான் குக்குவாவுக்கு இன்னும் ஆத்திரம்.

அராபாவுக்கு ஒரு தோணி வேண்டும், தன் பேரில். இதில் பேராசை எதுவும் இல்லை. முதல் புருஷனின் தோணிக்கு அவள்தான் மோட்டார் வாங்கிப் போட்டாள். அவன் காய்ச்சலில் செத்தான். வழக்கப்படி அவன் அக்காள் மகன்கள் வந்து தோணியையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு, நாகரிகமாக எண்ணெய் டின்னை மட்டும் விட்டுப் போனார்கள். அந்தக் காலி டின் இன்னும் அவள் வாசலில் இருக்கிறது. இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட எகோ நல்லவன், கடலில் கெட்டிக்காரன், ஆனால் ரோஷக்காரன். காட்டூரில் தோணி செதுக்கும் ஆசாரி ஒருவனிடம் அவள் பேசி முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் எகோ வந்து நின்றான்.

"தோணி என் பேர்ல இருக்கட்டும் அராபா. ஊருக்காகத்தான் சொல்றேன். பொண்டாட்டி தோணியில கூலிக்குப் போறவன்னு என்னைப் பாடியே வலை இழுப்பானுங்க."

"முன்னாடி ஒருத்தர் பேர்லயும் தோணி இருந்துச்சு. அது இப்ப எங்க இருக்குன்னு காட்டு, உன் பேர்லயே எழுதிடுறேன்."

அன்று மாலையிலிருந்து எகோ அவள் சோற்றைத் தொடவில்லை. எசுவாமில் புருஷன் தன் அம்மா வீட்டில் இருப்பான், பெண்டாட்டி தன் அம்மா வீட்டில் இருப்பாள். பொழுது சாயும்போது மூடி போட்ட சோற்றுப் பாத்திரம் அவள் வீட்டிலிருந்து தெருவைக் கடந்து அவன் வீட்டுக்குப் போகும். பாத்திரம் கழுவிக் காலியாகத் திரும்பினால் குடும்பம் நன்றாக இருக்கிறது. மூடி திறக்காமல் திரும்பினால் அதை ஊரே பார்க்கும். அராபாவின் பாத்திரம் பல நாளாக மூடி திறக்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. அவளும் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தலைநகர் அக்ராவில் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. பணம் காலையில் ஒரு மதிப்பு, மாலையில் ஒரு மதிப்பு. ஆசாரி உஷாரானவன், நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஓர் அறை நிறையப் புகைமீன் கொடுத்தால் தோணிக்கட்டையை வியாழக்கிழமை மரலாரியில் ஏற்றி அனுப்புவதாகப் பேச்சு. அராபா மாதக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மீன் சேர்த்தாள். பின்னறையில் கூடைகள் கூரையை முட்டின. கூரைக்கு மேல் புகை தென்னைமரக் கனத்தில் நின்றது. இந்த நேரம் பார்த்துத்தான் புதிய உத்தரவு வந்தது: வீட்டுச் செலவுக்கு மேல் சரக்கு வைத்திருப்பவர்கள் பதுக்கல்காரர்கள். பக்கத்து ஊரில் துணி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியைச் சந்தை நடுவில் மொட்டையடித்துப் பிரம்பால் அடித்தார்கள். அவள் கடையை இடித்தார்கள். அந்தச் செய்தி எசுவாமுக்கு வந்தபோது எந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை, அராபாவின் போட்டிக்காரிகள்கூட.

திங்கட்கிழமை மதியம் சிப்பாய் லாரி வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கியது. கேப்டன் கடல் பழக்கமில்லாத உள்நாட்டுக்காரர், இளைஞர், மரியாதையாகப் பேசினார். நாளைக் காலை வீடு வீடாகச் சோதனை. அதுவரை ஊரைவிட்டு ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது. இருட்டிய பிறகு யாரும் தெருவில் இருக்கக் கூடாது. சாலையிலும் கடற்கரையிலும் காவல் நின்றது. அன்று மீன் வந்த நாள், எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது, ஊர் முழுக்கப் புகை. அந்தப் பெரும்புகைக்குள் அராபாவின் புகையைக் கேப்டன் பார்க்கவில்லை. ஆனால் விடிந்தால் செவ்வாய். செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள், தோணி போகாது, மீன் வராது, அடுப்பு மூட்டுவதில்லை. துடைத்துவிட்ட வானத்தில் ஒரே ஒரு கூரைமேல் ஒரே ஒரு புகை நிற்கும். அராபா வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

யார் வீட்டுக்குப் போகக் கூடாதோ அந்த வீட்டுக்கே போனாள். குக்குவா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"என்னடி, உன் புகை உன்னையே காட்டிக்கொடுக்கப் போகுதா?"

"ஆமா மாமே."

"நல்லா காட்டிக்கொடுக்கட்டும். குமாசியில உன் கூடையைத் தேடித் தேடி வாங்கினானுங்களே, அவனுங்க வந்து பிரம்படியில பாதி வாங்கிக்குவானுங்களா?"

அராபா தரையில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னாள். இன்று சாயங்காலம் ஊரில் உள்ள ஒவ்வொருத்தியும் தன் புருஷனுக்குச் சோறு எடுத்துப் போகும்போது பாத்திரத்தின் அடியில் அராபாவின் மீன் கொஞ்சம் போகவேண்டும். ஒரு வீட்டில் இருந்தால் அது பதுக்கல், ஊர் முழுக்க இருந்தால் அது குழம்பு. குக்குவாவின் கை அம்மியில் நின்றது. ஒருமுறை பெயர்வைப்பு விருந்துக்காக அராபா அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் மீன் கொடுத்ததும், அதன் பின்னால் போன நூல் அளவு புகை ஓர் இரவு அங்கே தங்கிவிட்டுப் பிறகு திரும்பாததும், அந்த வீட்டுக்காரி புகை போடுகிற மீன்மேல் இன்றுவரை நிற்பதும் அவளுக்கும் தெரியும்.

"உன் புகை அத்தனை வீட்டுக்கும் போயிடுமே. அப்புறம் உன் கூடைக்கும் என் கூடைக்கும் என்னடி வித்தியாசம்?"

"ஒண்ணும் இருக்காது."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் மாமே. எனக்குத் தோணி வேணும்."

குக்குவா அம்மியைக் கழுவி எழுந்தாள். "உன் தோணி வந்தாலும் மணல்ல முதல் விலை நான்தான் சொல்லுவேன்" என்றாள். அராபா தலையாட்டினாள். இரக்கத்தால் குக்குவா ஒத்துக்கொண்டதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவளுக்கு அந்தப் புகைமேல் ரொம்ப நாள் கண்.

வெயில் தாழ்ந்ததும் பெண்கள் உப்பு கடன் கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தியாக அராபாவின் பின்வாசலுக்கு வந்தார்கள். அடியில் மீன், அதன்மேல் வாழையிலை, மேலே புளித்த சோளமாவு உருண்டையும் மிளகாய்த் துவையலும், அதற்கு மேல் மூடி. தெருமுனையில் நின்ற சிப்பாய்கள் தலைமேல் பாத்திரத்தோடு போகும் வரிசையைப் பார்த்தார்கள். கூடைகள் குறையக் குறைய கூரைமேல் நின்ற புகை பிரிந்த கயிறாகப் புரிபுரியாக அவிழ்ந்தது. ஒவ்வொரு புரியும் ஒரு பாத்திரத்தின் பின்னால் தரையோடு தாழ்ந்து போய், நிலைப்படியில் குனிந்து உள்ளே நுழைந்தது. அடுப்புகள் இன்னும் எரிந்துகொண்டிருந்த நேரமாதலால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் ஒரு பருத்த பெண்ணை நிறுத்தி மூடியைத் திறக்கச் சொன்னான். சோற்று வாசனையில் அவன் வயிறு சத்தம் போட்டது.

"ஏம்மா, உன் புருஷன் உன் வீட்டுல வந்து சாப்பிட மாட்டானா?"

"புருஷன் வீட்டுலயே கெடந்தா நாங்க எப்பப்பா தொழில் பாக்கறது?"

சிப்பாய் மூடியை அவனே போட்டு வழிவிட்டான். அவள் தெரு திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள், பாத்திரத்தை மட்டும் சாயவிடவில்லை.

கடைசிப் பாத்திரம் அராபாவினுடையது. வீட்டிலேயே பெரிய பாத்திரம் அதுதான், அதற்குள்தான் மிச்சமெல்லாம் போயிற்று. இத்தனை நாள் திரும்பியதுபோல் அது திரும்பினால் மீனும் திரும்பும், மீனோடு புகையும் திரும்பும், விடிந்தால் செவ்வாய். எகோவின் வாசலில் அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரத்தை இறக்கினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடு."

அவன் பாத்திரத்தையும் பார்த்தான், அதன் பின்னால் படியேறி நின்ற புகையையும் பார்த்தான். "தோணி யார் பேர்ல?" என்று கேட்டான்.

"என் பேர்லதான்."

அவன் வலைக்குத் திரும்பிவிட்டான். காத்து நிற்பது வழக்கமில்லை, அவள் வந்துவிட்டாள். வந்து காலி அறையில் உட்கார்ந்தாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று தன்னைத்தானே திட்டினாள்; மறுகணமே, சொல்லாததற்காகச் சந்தோஷப்பட்டாள். தெருவில் ஊரடங்கு விசில் ஊதத் தொடங்குகிற நேரம் எகோவின் அக்காள் பாத்திரத்தோடு வந்து வாசலில் வைத்தாள். அராபாவுக்கு அதைத் தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. கழுவிய ஈரம்.

"உப்பு கூடன்னு சொல்லச் சொன்னான்" என்றாள் அக்காள். அராபா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

செவ்வாய் விடிந்தபோது எசுவாமின் எல்லாக் கூரைமேலும் ஒரு புகை நின்றது. கேப்டன் முதல் வீட்டு அடுப்புக்குள் கைவிட்டார், சில்லென்று இருந்தது. அடுத்த வீட்டிலும் சில்லென்றே இருந்தது. சட்டியில் குழம்புக்கு உண்டான மீன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுப்பு எரியாமல் இது யாருடைய புகை என்று அவர் தெருவில் நின்று கேட்டதுதான் தவறு. என்னுடையது என்றாள் ஒருத்தி. உன்னுடையதா, என் கூரையில் நிற்பது உன்னுடையதா என்றாள் இன்னொருத்தி. எல்லையைத் தாண்டியது யார் புகை, யார் அடுப்பின் வம்சம் என்று தெரு முழுக்கச் சண்டை மூண்டது. நடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம், ஒரே இரவில் அத்தனை பேருக்கும் அது சொந்தமாகியிருந்தது. குக்குவா நடுவில் வந்து, "ஐயா, செவ்வாய்க்கிழமை அடுப்பு மூட்டினா கடல் கோவிச்சுக்கும். அதனால நாங்க மூட்டறதில்லை" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று கேப்டனுக்குத் தெரிந்தது. ஆனால் உத்தரவில் மீனைப் பற்றித்தான் இருந்தது, புகையைப் பற்றி ஒன்றும் இல்லை.

புகை இல்லாத ஒரே வீடு அராபாவினுடையது. கேப்டன் களைத்துப்போய் அங்கே தண்ணீர் கேட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் பார்த்தாள்: மீன் புகைக்கும் கம்பித் தட்டுக்குப் பின்னால் ஒரு சாளை விழுந்து கிடந்தது, அதன்மேல் நூலாக ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. பின்னறைத் தரையில் கூடைகள் இருந்த வட்டங்களெல்லாம் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தன, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். அராபா முக்காலியை இழுத்துத் தட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். புகை அவள் முதுகில் ஏறிற்று, கழுத்தைக் கடந்தது, முடிக்குள் புகுந்தது, நெற்றிக்கு மேலே வெளிவந்தது. கேப்டன் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இந்த வயசுலயே நரைச்சிடுச்சே அம்மா" என்றார் அவர். "ஊர்லயே உங்க வீடு ஒண்ணுதான் சுத்தமா இருக்கு."

லாரி மதியம் கிளம்பிப் போனது. மீன் போன வழியிலேயே பாத்திரங்களின் அடியில் திரும்பி வந்தது. சில புருஷன்கள் தின்றுவிட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே தங்கள் மீனைப் போட்டு ஈடுகட்டினார்கள். புகை திரும்பவில்லை. வியாழக்கிழமை வந்த ஆசாரி, மீன்மேல் புகை நிற்கும் என்றார்களே என்று முணுமுணுத்தான், ஒன்றைக் கடித்துப் பார்த்தான், தோணிக்கட்டையை இறக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு அந்தச் சிப்பாய்களும் போனார்கள், வேறு சிப்பாய்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். குமாசியில் இப்போது அராபாவின் மீன் என்று யாரும் கேட்பதில்லை, எசுவாம் மீன் என்றுதான் கேட்கிறார்கள். லாரிக்காரர்கள் புகைக்கு முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். எந்தக் கூடையும் முந்தி விற்பதில்லை என்று அராபா சில நாள் வருந்தியதுண்டு, அதை மறைக்கவும் இல்லை. பெண் பேரில் ஊரின் இரண்டாவது தோணியைக் குக்குவா வாங்கினாள், அந்தப் பருத்த பெண் மூன்றாவது. மணலில் முதல் விலையைச் சாகும்வரை குக்குவாவே சொன்னாள், அராபாவின் தோணி மீனுக்கு மட்டும் எப்போதும் சற்றுக் குறைத்தே சொன்னாள்.

முதல் தோணி இன்னும் ஓடுகிறது. எகோதான் ஓட்டுகிறான், கூலிக்கு. வலை இழுக்கும்போது அதைப் பாட்டாகவே பாடுகிறார்கள், அவனே அடி எடுத்துக் கொடுக்கிறான். எல்லாத் தோணியிலும் சாமி வாக்கியமோ பழமொழியோ எழுதுவது வழக்கம். அராபாவின் தோணியில் அவன் தன் கையாலேயே பெரிய மஞ்சள் எழுத்தில் "உப்பு கூட" என்று எழுதினான். செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தோணி மணலில் கிடக்கும், ஊரில் ஓர் அடுப்பும் எரியாது, எல்லாக் கூரைமேலும் புகை நிற்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அராபா தன் நெற்றியில் நிற்கும் அந்த நூல் புகையைச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டு, எகோவின் சோற்றுக்கு உப்புப் போடுவாள், ஒரு கை கூடவே.