வெட்டுக்கோட்டில் ஒரு பொட்டு

யூபிஎஸ் கூச்சல் போட்டது. கல்முனையில் அந்த மாடி அறையில் இருக்கும் நான்கு கம்பியூட்டர்களும் ஒன்றாக வேலை தொடங்கினால் அது கத்தாமல் விடாது. முஸ்பிறா கையை நீட்டி அதன் வாயை அடைத்தாள்.

"உங்கட மெசினுக்கு என்ட நெஞ்சப் பாக்கவே பயம்," என்று சிரித்தான் அவள் கணவன் றிம்சான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இருமல் விடாததால் அவன் நெஞ்சை ஸ்கேன் எடுத்து ஒரு சீடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டொக்டரின் அறிக்கை இன்னும் வரவில்லை. சும்மா கிடக்கிற சீடிதானே, உன்ட சொப்ட்வெயார்ல போட்டுப் பாரு என்று அவனே கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

முஸ்பிறாவும் அவளோடு வேலை செய்யும் காரைதீவு கிசோக்கும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. ஸ்கேனில் உள்ள உடம்பை நான்கு துண்டாக வெட்டி, ஒரு கம்பியூட்டருக்கு ஒரு துண்டு என்று பங்கிடும். நான்கும் ஒரே நேரத்தில் வரைந்ததை ஒட்டி, முழு உருவமாகத் திரையில் நிறுத்தும். தோலை நீக்கிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

விலா எலும்புகள் எழுந்தன. அவற்றுக்குப் பின்னால், வலது நுரையீரலில், இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் ஒட்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"அக்கா, பழைய சனியன் திரும்பவும் வந்திட்டு!" பக்கத்துக் கதிரையில் இருந்த கிசோக் தலையில் கைவைத்தான். "ஒட்டுற இடத்தில கறை விழுது. போன கிழமைதானே திருத்தின நாங்க!"

"பங்கு வெச்சா வரம்புலதான் தம்பி சண்ட வரும். எங்கட வாப்பாட வயல வந்து பாருங்க," என்றான் றிம்சான்.

தன் பிழை ஒன்றை முஸ்பிறா இவ்வளவு ஆசையோடு தேடியதே இல்லை. வெட்டும் இடத்தை மாற்றினால் தெரிந்துவிடும். வெட்டோடு சேர்ந்து பொட்டும் நகர்ந்தால் அது மென்பொருளின் கறை. நகராவிட்டால்... அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

வெட்டை மேலே தள்ளினாள். பொட்டு அதே இடத்தில் இருந்தது. கீழே தள்ளினாள். அதே இடம்.

கிசோக் தேத்தண்ணி வாங்கி வருவதாக முணுமுணுத்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனான்.

முஸ்பிறாவுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. விரல்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. கீழே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திரையில் தூசு படிந்திருப்பதைக் கண்டு, முந்தானை நுனியால் மெதுவாகத் துடைத்தாள். ஒரு மூலையைத் துடைத்து, மறு மூலையையும் துடைத்தாள்.

"என்ன புள்ள, உன்ட புழ புடிபட்டுதா?" றிம்சான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"நாங்க எழுதினதுல புழ ஒண்டும் இல்ல, மச்சான்."